சிவப்பு எது, பச்சை எது

தளவாய்புரம் நிறுத்தத்தில் பேருந்தைவிட்டு இறங்கியதும் ஜெயபாண்டி முதலில் பார்த்தது தன் முகத்தைத்தான். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய பிளக்ஸ் பேனரில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஒரு போர் விமானம் புகை கக்கிக்கொண்டு பறந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே ‘எங்கள் மண்ணின் முதல் விமானி’ என்று எழுதியிருந்தது. கீழே பெரியப்பா, சித்தப்பா, மச்சான்மார் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அஞ்சல்தலை அளவில் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள்.

பையைக் கீழே வைத்தான். டீக்கடை பெஞ்சை இழுத்துக் கம்பத்தோரம் போட்டு, அதன் மேல் ஏறி, பேனரின் மூலையைப் பிடித்து இழுத்தான். கயிறு இளகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பின் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினான். அவன் முகம் நெற்றியிலிருந்து தாடைவரை குறுக்காகக் கிழிந்துகொண்டு கீழே வந்தது.

“ஏலே பாண்டி! என்னலே பண்ணுத? ஒங்க பெரியப்பா ஆசையாக் கட்டுனதுலே அது!” என்று டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு ஓடிவந்தார்.

“எவன் கட்டச் சொன்னான்?”

“நீ பாஸாயிட்டேன்னு தானலே…”

“பாஸாகல. போதுமா? கடைக்கு வாரவுக எல்லாருகிட்டயும் சொல்லிருங்க.”

கிழித்ததைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தான். எதிரில் வந்து கைகொடுக்கப் பார்த்தவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

ஜெயபாண்டிக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அப்பா ஆண்டிச்சாமி ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்று, சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவும் பட்டாளம்தான். பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் பட்டாளம். ஆனால் அத்தனை பேரும் சிப்பாயாகச் சேர்ந்தவர்கள். நேரே அதிகாரியாகப் போனவர் ஒருவரும் இல்லை. விமானம் ஓட்டுவதைப் பற்றி யாரும் கனவுகூடக் கண்டதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்கும் இயற்பியலும் உள்ள குரூப்தான் வேண்டும் என்று ஜெயபாண்டி அடம்பிடித்தான். ராஜபாளையத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து விமானப்படைத் தேர்வுக்குத் தயாரானான். எழுத்துத் தேர்வில் தேறினான். மைசூரில் நாள் கணக்கில் நடந்த நேர்முகத் தேர்வில் வந்தவர்களில் பெரும்பாலோரை முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சிய சிலரில் அவன் நின்றான். விமானிக்கென்று கணினியில் ஒரு திறன் சோதனை உண்டு. அதை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுதலாம். அதிலும் தேறினான். மருத்துவப் பரிசோதனை மட்டும் மிச்சமிருந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் பெரியப்பா பேனர் கட்டினார்.

பெங்களூரில் ஒரு பெண் மருத்துவர், புள்ளி புள்ளியாக இருந்த புத்தகம் ஒன்றைத் திறந்து, உள்ளே தெரியும் எண்ணைச் சொல்லச் சொன்னார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. பிறகு வந்த பக்கங்களில் வெறும் புள்ளிகள்தான். “இதில் எண் எங்கே இருக்கிறது?” என்று அவனே கேட்டான். மருத்துவர் புத்தகத்தை மூடினார். அடுத்து இருட்டறையில் விளக்குகளைக் காட்டினார்கள். அவன் சிவப்பு என்றது பச்சையாக இருந்தது. வெள்ளை என்று சொன்னதுகூடப் பச்சையாக இருந்தது.

“உங்கள் அம்மாவோடு பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நிறக்குருடு உண்டா?” என்று மருத்துவர் கேட்டார்.

“இல்லை.”

“வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும். பிறவியிலேயே வருவது, மருந்து கிடையாது. இந்த அளவு குறையோடு விமானப்படையில் எந்தப் பிரிவிலும் எடுக்க மாட்டார்கள்.”

அவர் கடுமையாகப் பேசவில்லை. ஜெயபாண்டிக்கு அதுதான் தாங்கவில்லை. கத்திச் சண்டை போட ஒருவர் கிடைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ரயிலில் வரும்போதே அதைக் கசக்கி வெளியே எறிந்தான்.

அம்மா வெள்ளத்தாய் முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகன் பேனர்ச் சுருளை வற்றலின் மேலேயே விட்டெறிந்தான்.

“ஒன் தம்பிக்குக் கண்ணுல என்ன?”

“என்னய்யா, வந்ததும் வராததுமா…” என்று தொடங்கியவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கண்ணுக்கு என்ன வந்தது, யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு அதுவே பதிலாக இருந்தது.

“அப்போ ஒனக்குத் தெரியும்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். “ஒண்ணாப்பு படிக்கையில மரத்துக்கெல்லாம் சிவப்பு இலை வரஞ்சுட்டு வந்த. டீச்சர் அடிச்சுட்டாகன்னு அழுத. அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணுன?”

“கிரையான்ல கத்தியால வெட்டுப் போட்டுக் குடுத்தேன். சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ரெண்டு.”

அந்த வெட்டுகள் அவனுக்கு நினைவிருந்தன. கடையில் விற்கிற கிரையான் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். ராஜபாளையத்துக்குத் துணி எடுக்கப் போனால் சட்டையை அவளேதான் தேர்ந்தெடுப்பாள். சைக்கிள் ஓட்டக் கற்றபோது, “மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சாப் போ” என்று சிக்னலுக்கு அவள்தான் பாடம் சொன்னாள். இதையெல்லாம் அம்மாவின் பாசம் என்றே நினைத்திருந்தான். இப்போது ஒவ்வொன்றும் தன் காலடியில் தோண்டி மூடிவைத்த குழியாகத் தெரிந்தது.

“பைலட்டுக்குத்தான் படிக்கேன்னு இந்த வீட்டுல இத்தனை வருசமாக் கத்திட்டுக் கெடந்தேன்லா? ஒரு நாளு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“கண்ணாடி போட்டாச் சரியாயிரும்னு நெனச்சேன்யா.”

“பொய் சொல்லாத!”

வெள்ளத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். “வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ள இருக்குல்ல. ஒங்க மாமனுக்கு இப்படின்னு தெரிஞ்சப்போ, வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு எங்கய்யா கோயில்ல வச்சு எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. கண்ணுல கோளாறு உள்ள குடும்பம்னு தெரிஞ்சா எங்கள எவன் கெட்டுவான்? அந்தப் பயந்தான்யா எனக்கும். ஒன் தங்கச்சி யுவராணியக் கரையேத்துற வரைக்கும்…”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவியளுக்குத் தெரியாது.”

ஜெயபாண்டி அப்பாவின் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தாய்மாமன் சின்னக்கருப்பன் ஆலங்குளத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள்தான் அவருக்குப் பிழைப்பு. சொந்தபந்தத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, ‘ஓட முடியாதவன்’. இளவயதில் ராணுவ ஆளெடுப்புக்குப் போய், ஓட்டத்தில் பாதி வழியில் விழுந்து திரும்பி வந்தவர் என்று பெயர். ஆண்டிச்சாமி எந்த விசேஷத்திலும் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. “என் மச்சினன் ஓடுன ஓட்டத்துக்கு அந்த மைதானமே மூச்சு வாங்கிருச்சு” என்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். சின்னக்கருப்பனும் சிரித்துவைப்பார். ஜெயபாண்டியும் சிறுவயதிலிருந்து சேர்ந்து சிரித்தவன்தான்.

அவன் கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவர் ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, என்னைய வெளிய தள்ளிட்டாங்க. புள்ளிப் புஸ்தகத்தக் காட்டி.”

சின்னக்கருப்பன் டயரை விட்டுவிட்டார். அது தொட்டிக்குள் விழுந்து இரண்டு பேர் மேலும் தண்ணீரை அடித்தது.

“உனக்குமாலே?”

“எனக்கும்தான். நீங்க ஏன் மாமா சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம்.”

“ஓட்டத்துல விழுந்தீங்கன்னு ஊரே சிரிச்சுச்சே…”

“நான் விழுந்தனா?” அவருடைய குரல் திடீரென்று உயர்ந்தது. “எங்க பேட்ச்ல முதல் ஆளா வந்தேன்லே நான். பின்னால வந்தவனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு லாரி போகும். கயிறு ஏறுனேன், மார்பு விரிச்சேன், எல்லாத்துலயும் பாஸ். கடைசில அந்தப் புஸ்தகம். வீட்டுக்கு வந்து அழுதா, எங்கய்யா சொல்லுதாரு, கண்ணுன்னு சொல்லாத, ஓட்டத்துல போச்சுன்னு சொல்லுன்னு. அக்காமாரு ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு நிக்காக. சரின்னுட்டேன். கெட்டிக் குடுத்தாச்சு. பிள்ளையளும் வளந்தாச்சு. இன்னும் நான் விழுந்துகிட்டேதான் இருக்கேன்.”

ஜெயபாண்டி அவரைத் திட்டத்தான் வந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது உதவவில்லை. திரும்பி வரும்போது கோபம் குறையவில்லை. தனக்காக மட்டும் இருந்த கோபம் மாமாவுக்காகவும் சேர்ந்து இரண்டு மடங்காகியிருந்தது.

அப்பாவிடம் கண் விஷயத்தை அன்றே சொன்னான். மாமாவைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். யுவராணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போலீஸ்காரரைப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயம் மட்டும் முடியட்டும் என்றாள்.

ஆண்டிச்சாமி இரண்டு நாள் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். மூன்றாம் நாள் மதுரைக்குப் போய் வந்தார். கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருந்தது, கலரில் எடுத்தது.

“ஏர்போர்ஸ் இல்லாட்டி என்னலே? பிரைவேட்ல விமானம் இல்லையா? மதுரையில ஒரு ஏஜெண்டப் பாத்தேன். அங்கயும் இதே புஸ்தகந்தானாம். பக்கத்தோட ஓரத்துல உள்ள அடையாளத்த வச்சு எந்தப் பக்கத்துக்கு எந்த நம்பர்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டா ஒரு பயலுக்கும் தெரியாதாம். எத்தனையோ பேரு அப்படித்தான் ஓட்டுதானாம்.”

ஜெயபாண்டி அந்தக் கட்டை வாங்கினான். மறுக்கவில்லை. அவன் அன்று மதியம் தோப்புக்குப் போய், பம்புசெட்டு நிழலில் உட்கார்ந்து, முழுவதையும் நெட்டுருப் போட்டான். மனப்பாடம் அவனுக்கு எப்போதுமே கைவந்தது. அப்பா பக்கங்களைக் கலைத்துக் கலைத்துக் காட்ட, அவன் எட்டு, ஐந்து, எழுபத்துநான்கு என்று தடங்கலில்லாமல் சொன்னான். ஆண்டிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. “அடிச்சுட்டலே!” என்று அவன் முதுகில் தட்டினார்.

அந்தத் தட்டலில்தான் ஏதோ முறிந்தது. ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் விளக்கு வரிசையைப் பற்றி அவன் எத்தனையோ முறை படித்திருக்கிறான். இறங்கும்போது சரியான உயரத்தில் வந்தால் பாதி வெள்ளையாகவும் பாதி சிவப்பாகவும் தெரியும். எல்லாம் சிவப்பானால் ஆபத்தான அளவு தாழ்ந்துவிட்டதாகப் பொருள்.

“அப்பா, ராத்திரி மழையில நூறு பேரோட எறங்குதேன்னு வச்சுக்கோங்க. கீழ எரியுத லைட்டு சிவப்பா வெள்ளையான்னு எனக்குத் தெரியல. அதுக்கு எந்தப் பக்கத்த மனப்பாடம் பண்ண? அம்மாவப் பக்கத்துல உக்காத்தி வச்சுக் கேக்கவா?”

“அதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கிரும்லே…”

“பட்டாளத்துல இருந்துட்டு வந்த ஆளு பேசுத பேச்சா இது? ஒங்க கம்பெனில ஒருத்தன் இப்படிப் பொய் சொல்லி வந்து துப்பாக்கியத் தூக்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீக?”

 ஜெயபாண்டி கட்டை வாய்க்காலில் எறிந்துவிட்டு நடந்தான். வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் அந்த எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். அந்த மதியத்தில் ஒரு மணி நேரம், பொய் சொல்லியாவது பறந்துவிட வேண்டும் என்று அவனும் மனதார விரும்பியிருந்தான். அதற்காகத் தன் மேலும் ஆத்திரம் வந்தது.

நிச்சயதார்த்தம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை அழகுராஜா அமைதியான பையன். அவர்கள் வீட்டார் பால்கோவாவும் பூவும் பழமுமாகத் தட்டுகள் கொண்டுவந்திருந்தார்கள். சின்னக்கருப்பன் தாய்மாமன் சீர்த் தட்டோடு படியேறி வந்தார். வெயிலில் பேருந்து மாறி வந்ததில் அவருக்கு இரைத்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா, “பெண்ணுக்குத் தாய்மாமன் இவுகதானா?” என்று கேட்டார்.

ஆண்டிச்சாமிக்கு வழக்கம்போல வாய் சும்மா இருக்கவில்லை. “இவுகதான். நாலு படி ஏறுனதுக்கே மூச்சு வாங்குது பாருங்க. பட்டாளத்துக்கு ஓடப் போயி, கோட்டத் தொடுறதுக்குள்ள குப்புற விழுந்த ஆளு!”

மண்டபம் சிரித்தது. சின்னக்கருப்பனும் எப்போதும்போல உதட்டை விரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஜெயபாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“அவிய விழல.”

“சும்மா உக்காருலே” என்றார் அவனுடைய பெரியப்பா.

“அவிய விழல! ஓட்டத்துல மொதல்ல வந்த ஆளு. கண்ணுல நிறம் தெரியலன்னு வெளிய அனுப்பிட்டாங்க. எனக்கும் அதேதான். அம்மா வழியில வருதது. இந்தக் குடும்பத்துல பொண்ணுகளக் கெட்டிக் குடுக்கணும்னு ஒரு மனுசன ஆயுசுக்கும் கோமாளியாக்கி வச்சிருக்கீக. இதுக்கு மேலயும் எவனாச்சும் சிரிச்சா நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். ஆண்டிச்சாமி மச்சினனையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னக்கருப்பன் சீர்த் தட்டை இறக்கி வைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா வழியிலன்னா? அப்போ யுவராணி பிள்ளைகளுக்கும் வருமா?”

“வரலாம்” என்றான் ஜெயபாண்டி. “வராமலும் போகலாம்.”

தாம்பூலம் மாற்றவில்லை. இன்னொரு நல்ல நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று தகவல் வந்தது. அழகுராஜா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெயபாண்டி தான் செய்தது நியாயம் என்றே நினைத்தான். யுவராணியிடம் அதைச் சொல்லவும் போனான். அவள் ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். வேலை முடிந்து பேருந்துக்கு நின்றவளிடம், “அந்த மாதிரி ஆளுக நமக்கு வேண்டாம்ட்டி. இப்பமே தெரிஞ்சது நல்லதுன்னு நெனச்சுக்கோ” என்றான்.

அவள் திரும்பினாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று அவன் அறிந்ததில்லை.

“நீ யாருண்ணே அதச் சொல்லுததுக்கு? அம்மா ஒன்கிட்ட மறைச்சான்னு குதிச்சேல்ல? நீ என்கிட்டச் சொன்னியா? மாமா கண்ணு, ஒன் கண்ணு, என் ரத்தத்துல இருக்கலாம்னு பெங்களூர்ல இருந்து வந்த அன்னைக்கே ஒனக்குத் தெரியும். எனக்கு எப்போ தெரிஞ்சது? மாலையும் கழுத்துமா ஊரு முன்னாடி உக்காந்திருக்கும்போது. என் கல்யாணத்த ஒன் கோவத்துக்கு மேடையாக்கிட்டேல்ல?”

“மாமாவ அப்படிப் பேசுனா எப்படிச் சும்மா இருக்க?”

“மாமாவுக்காகப் பேசு. முந்துன நாளே என்கிட்டப் பேசிட்டுப் பேசு. நானே அவுக வீட்டுல சொல்லியிருப்பேன். வேண்டாம்னா என் வாயால கேட்டு வந்திருப்பேன்.”

பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவனோடு பேசவில்லை. சோறு வைத்தால் தட்டை அவன் முன்னால் தள்ளுவாள், அவ்வளவுதான். பெங்களூரில் வெளியே அனுப்பியபோதுகூட அவனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ஏனென்றால் அது அவன் செய்த தப்பு அல்ல. இது அவன் செய்தது.

ஆண்டிச்சாமி மண்டபத்திலிருந்து வந்த நாள் முதல் தோப்பிலேயே கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, “வண்டிய எடுலே, ஆலங்குளம் போவோம்” என்றார்.

சின்னக்கருப்பன் அவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ரிம்மிலிருந்து டயரை நெம்பிக்கொண்டே இருந்தார்.

“கருப்பா, வா, ஒரு டீ குடிப்போம்” என்றார் ஆண்டிச்சாமி.

நெம்பிக்கொண்டிருந்த கம்பி தரையில் விழுந்தது. “டீயா? எத்தனை வருசமா என்னையக் கடிச்சுத் துப்புன வாயிக்கு ஒரு டீயா அத்தான்? என் கல்யாணத்துல சொன்னீக. என் பொண்டாட்டி அன்னைக்கு ராத்திரி கேட்டா, நீங்க நெசமாவே நோஞ்சானான்னு. என் பிள்ள காதுகுத்துல சொன்னீக. எங்கய்யா செத்துக் கெடக்கையில பாடையத் தூக்கப் போனேன், பாத்துத் தூக்கு, விழுந்துறாதன்னீக. நெனவிருக்கா?”

டீக்கடையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆண்டிச்சாமி கையை உடம்போடு ஒட்டவைத்து, பரேடில் நிற்பதுபோல நின்றார்.

“சொல்லு. இன்னும் இருந்தாச் சொல்லு.”

“இருக்கு!” என்றார் சின்னக்கருப்பன். சொன்னார். ஒவ்வொரு விசேஷமாக, ஒவ்வொரு பந்தியாக, யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்பதுவரை சொன்னார். ஜெயபாண்டியின் பெயரும் அதில் வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லி முடித்ததும் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, “போயிட்டு வாங்க. இன்னைக்கு டீ குடிக்க முடியாது” என்றார்.

ஆண்டிச்சாமி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல் அவருக்கு வாயில் வராது. ராஜபாளையம் தாண்டும்வரை பின்னால் பேசாமல் உட்கார்ந்து வந்தவர், “பேட்ச்ல மொத ஆளாம்லே” என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், “மொத ஆளு” என்றார். அதற்குப் பிறகு வந்த விசேஷங்களில் பந்தியில் முதல் இலை சின்னக்கருப்பனுக்குப் போட்டார்கள். அவர் சில நேரம் உட்கார்ந்தார், சில நேரம் வராமலே இருந்தார்.

ஜெயபாண்டி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு இன்ஜினியராகச் சேர்ந்தான். ஒயர்களின் நிறத்தை ஒரு தடவை உதவியாளரிடம் கேட்டு எழுதி ஒட்டிக்கொள்வான். கேட்பதற்கு வெட்கப்படவில்லை. ஆனால் மேலே விமானச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் படித்த பயிற்சி மையத்துக்கு ஒரு நாள் போனான். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அதை நடத்திவந்தார்.

“சேரும்போது உயரம் பாத்தீங்க, மார்பளவு பாத்தீங்க, பல்லுகூடப் பாத்தீங்க. நிறம் மட்டும் ஏன் சார் பாக்கல?”

அவர் மழுப்பவில்லை. “பாத்தா பத்துப் பதினைஞ்சுல ஒருத்தன் அன்னைக்கே போயிருவான் தம்பி. இங்க ஓடுறான், படிக்கிறான். அவனுக்கும் நல்லது, மையமும் நடக்குது.”

“ரெண்டு வருசம் ஓட வச்சு, கடைசியில சுவத்துல முட்ட வைக்கிறது நல்லதா சார்?”

சத்தம் பெரிதாகி, கடைசியில் வாட்ச்மேன் வந்து அவன் தோளைத் தொட்டார். வெளியே வந்தவன் நேராகப் புத்தகக் கடைக்குப் போய் அந்தப் புள்ளிப் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்தான். பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் குரூப் எடுக்கும் முன்பே கண்ணைச் சோதித்துவிட்டால், எவனும் இருபத்திரண்டு வயதில் பேனரைக் கிழிக்க வேண்டியிருக்காது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை கிருபாபாய், தன் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையைச் சனிக்கிழமை மதியத்தில் செய்துகொள்ளச் சொன்னார்.

வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பின்பக்கத்து விடைகளைப் பார்த்து அவன் மல்லாடிக்கொண்டிருப்பதை யுவராணி இரண்டு நாள் கவனித்தாள். மூன்றாம் நாள் தாங்கவில்லை.

“தலைகீழாப் பிடிச்சிருக்க. ஒனக்கே தெரியாதத நீ பாத்து என்னத்தச் சொல்லப் போற? குடு இங்க. சனிக்கிழம எனக்கு அரைநாளுதான்.”

மாதங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. அவளுக்கு வேறு வரன்கள் வந்தன. ஒவ்வொருவரிடமும் முதல் சந்திப்பிலேயே கண் விஷயத்தை அவளே சொல்லிவிட்டாள். இரண்டு பேர் ஓடிப்போனார்கள். சங்கரன்கோவில்காரர் ஒருவர் மட்டும், “கண் தெரியாமப் போகாதுல்ல?” என்று ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றாள். அடுத்த தையில் கல்யாணம் என்று முடிவானது.

அம்மாவோடு மட்டும் ஜெயபாண்டிக்கு ஒட்டவில்லை. தேவைக்குப் பேசினான். அவளும் கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

பள்ளியில் மூன்றாவது சனிக்கிழமை ஒரு பையனுக்கு எண் தெரியவில்லை. மில்லில் வேலை பார்க்கும் அவன் தகப்பன் அடுத்த வாரம் நேரே வந்து, வகுப்பறைக்குள்ளேயே ஜெயபாண்டியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“என் பிள்ளை ரயில் ஓட்டுத லோகோ பைலட்டாகப் போறவன். கண்ணு தெரியலைன்னு சொல்ல நீ யாருலே? டாக்டரா?”

“இல்ல. நானும் ஒங்க பையன் மாதிரிதான். டாக்டர்கிட்டக் காட்டுங்க, கண்டிப்பாக் காட்டுங்க. ரயிலு, விமானம் ரெண்டும் கெடைக்காது. மத்தது எம்புட்டோ இருக்கு. அவன்கூட இப்பமே உக்காந்து பேசுங்க.”

பிடி தளரவில்லை. “எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது. அவ வழியில வந்ததா இது?”

“அம்மா வழியிலதான் வரும்.”

“இருக்கட்டும். வீட்டுக்குப் போயி அவளக் கேக்குத கேள்வியில…”

ஜெயபாண்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். பெங்களூரிலிருந்து வந்த நாளில் வந்த அதே கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

“அவுகள ஒரு வார்த்தை கேட்டீகன்னா நான் ஒங்க வீட்டு வாசலுக்கே வந்துருவேன். அவுகளுக்கே தெரியாது, எங்க இருந்து வந்துச்சுன்னு. தெரிஞ்சிருந்தாலும் பயந்துபோய்க் கெடந்திருப்பாக. ஏசணும்னா என்னைய ஏசுங்க. இங்கயே, இப்பமே, எம்புட்டு வேணும்னாலும்.”

அந்த மனிதர் ஏசினார். பின் கட்டடத்து வகுப்புகள்வரை கேட்டது. ஏசி ஓய்ந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டும் என்றார். யுவராணி பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கீழே விழுந்திருந்த சட்டைப் பொத்தானை எடுத்து அண்ணனின் பையில் போட்டாள்.

“அடுத்த பிள்ளைய வரச் சொல்லவா?” என்று கேட்டாள்.

“சொல்லு” என்றான்.